முறிந்த இடத்துக்குக் கீழே

சூரியன் எழுவதற்கு முன்னால் கீழ்த்தளத்தில் இருக்கும் அத்தனை பேரையும் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, துணி மாற்றி, முதுகில் பவுடர் போட்டாக வேண்டும். சூரியனால் அந்த இல்லத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அது தானாகவே எழுந்துகொள்ளும். கீழ்த்தளத்துக்காரர்கள் அப்படியல்ல. ஒருவருக்கு இடது பக்கம் வராது, இன்னொருவருக்கு வலது பக்கம் வராது. இரண்டு பேரையும் சேர்த்துத் தைத்தால் வேலைக்குப் போகிற மாதிரி ஓர் ஆள் கிடைப்பார் என்று நுரையீரல் சொல்வாள்.

நுரையீரல் என்பது இங்கே உறுப்பல்ல, ஆள். இதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அந்த முதியோர் மருத்துவ இல்லத்தில் பகலில் நர்ஸ் வேலை பார்த்த நான்கு பெண்களும் நர்ஸுகள் இல்லை. படிப்பை முடித்தவர்கள், லைசென்ஸ் பரீட்சை எழுதாதவர்கள். அதனால் ஊசி போடும்போது நர்ஸ், சம்பளம் வாங்கும்போது உதவியாளர். லைசென்ஸ் உள்ள ஒரே நர்ஸ் ராத்திரி டியூட்டிக்கு மட்டும் வருவார். பரீட்சைக்கான வழிகாட்டிப் புத்தகம் ஒன்று உண்டு. அது ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தபோது, கீழ்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் பூகம்பம் என்று பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவுக்கு ஓடிவிட்டார். அவ்வளவு கனம். நான்கு பேர் சேர்ந்துதான் ஒன்றை வாங்க முடிந்தது. யார் வீட்டில் வைப்பது என்று சண்டை வந்ததும், நால்வரில் ஒருத்தியின் கணவர், தையல்காரர், தன் கடைக் கத்தரியை எடுத்து முதுகோடு அதை நான்காக வெட்டிக் கொடுத்துவிட்டார். இதயமும் ரத்தமும் மூத்தவளுக்கு. மூச்சு சம்பந்தப்பட்டதெல்லாம் ஓயாமல் பேசுகிறவளுக்கு. எலும்பு, நரம்பு, விபத்து எல்லாம் ஒல்லியானவளுக்கு. மிச்சமிருந்த சிறுநீரகமும் உப்புகளும் தையல்காரரின் மனைவிக்கு. அன்றிலிருந்து இதயக்கா, நுரையீரல், எலும்பு, கிட்னி. வீட்டில் வைத்த பெயர்கள் துருப்பிடித்துப் போய்விட்டன.

இந்தக் கதை கிட்னியுடையது.

படிக்க நேரம்? அதற்கும் எலும்புதான் வழி கண்டுபிடித்தாள். ஒருவரைத் தூக்குவதற்கு முன்னால் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணுவார்கள் அல்லவா? எண்ணி யார் பாஸானார்கள்? எண்ணுவதற்குப் பதிலாக ஒருத்தி கேள்வி கேட்பாள். மற்றவர்கள் பதில் சொல்வார்கள். பதில் வருகிற நொடியில் தூக்கிவிட வேண்டும்.

"பொட்டாசியம் ஏறினா முதல்ல ஆபத்து எதுக்கு?"

"இதயம்!"

தூக்கியாகிவிட்டது.

இதில் இரண்டு சட்டங்கள். பதில் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் நோயாளி பாதியில் தொங்குவார். தனியாக யாரும் தூக்கக் கூடாது. கேட்க ஒருத்தி, சொல்ல ஒருத்தியாவது வேண்டும். கொஞ்ச நாளில் கீழ்த்தளமே பரீட்சைக்குத் தயாராகிவிட்டது. சன்னல் கம்பியில் உட்காரும் காகம் ஒன்று, கேள்வி கேட்டால் தலையைச் சாய்த்து யோசிக்கும். மூலைக்கட்டில் லாரிக்காரர் மட்டும் யோசிக்க மாட்டார். இடுப்புக்குக் கீழே அசைவில்லாத அந்தப் பெரிய உடம்பிலிருந்து, ஹாரன் அடிக்கிற மாதிரி பதில் வரும்.

"பரீட்சை எழுத என்னையும் கூட்டிட்டுப் போங்கம்மா. லாரி லைசென்ஸ் இருக்கு. இதையும் வாங்கிடறேன்."

"உங்களைத் தூக்கிட்டுப் போகவே தனி லைசென்ஸ் வேணும்" என்பாள் நுரையீரல்.

கிட்னி வீட்டுக்குப் போனாலும் தூக்கும் வேலை தீராது. மாமனார் பக்கவாதம் வந்து கிடந்தார். ஒருபுறம் அவள், மறுபுறம் கணவர். அவள் எந்தக் கேள்வி கேட்டாலும் தையல்காரர் "பொட்டாசியம்" என்று சொல்லிவிட்டுத் தூக்குவார்.

"என்னங்க, இதயத்துல எத்தனை அறைன்னு கேட்டேன்."

"பதிலா முக்கியம்? அப்பா உக்காந்துட்டாரா இல்லையா?"

உட்கார்ந்திருந்தார்தான். பிறகு சோறு வடிக்க வேண்டும், குழந்தைக்குத் தலைவாரிவிட வேண்டும், மாமாவின் துணிகளைத் தனியாக ஊறவைக்க வேண்டும். அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவைத்த பக்கத்தைப் படிக்க நிமிர்ந்தால், பால் அதற்காகவே காத்திருந்த மாதிரி பொங்கும். அவள் பங்குப் புத்தகம் பாதி பாலிலும் பாதி சோப்புத் தண்ணீரிலும் ஊறி, ஒரு பக்கத்தைப் புரட்டினால் நான்கு பக்கம் சேர்ந்து வந்தது. இந்த முறை எழுதியே ஆக வேண்டும். படிப்பு முடித்துக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரீட்சை எழுதாவிட்டால் படித்ததே செல்லாது என்று விதி இருந்தது. நான்கு பேருக்கும் இது கடைசி வாய்ப்பு. முந்திய வருடங்களில் பரீட்சை நாள் வரும்போதெல்லாம் முதலாளிக்கு ஆள் பற்றாக்குறை வந்துவிட்டது.

முதலாளியை எல்லாரும் புன்னகை என்று அழைத்தார்கள். அவர் முகத்தில் அது நிரந்தரமாக இருந்தது. பல் பிடுங்கும்போதும் சிரித்தபடி இருந்தாராம்; எந்தப் பல் என்று தெரியாமல் வைத்தியர் தவித்துப் போனாராம். அந்தப் புன்னகையோடுதான் அவர் ஒரு காலையில் வந்து சொன்னார்.

"மேல்தளம் திறக்கப் போறோம். இதயமும் நுரையீரலும் மேல போங்க. கீழ ரெண்டு பேர் போதும்."

"நாலு பேர் பாத்த வேலை சார்" என்றாள் இதயக்கா.

"சம்பளத்துல கை வைக்கலையே? அதை நெனச்சுப் பாருங்க."

"தூக்குற மெஷினையாவது ரிப்பேர் பண்ணிக் குடுங்க" என்றாள் எலும்பு. நோயாளிகளைத் தூக்கும் மெஷின் ஒன்று மூலையில் நின்றது. அதன் கொக்கியில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது.

"கை இருக்கும்போது மெஷின் எதுக்கும்மா? மெஷினுக்குப் பாசம் இருக்குமா? நாம இங்க பண்றது வேலையில்ல, சேவை."

"சேவைதான் சார். அப்ப நீங்களும் ஒரு பக்கம் புடிங்க" என்றாள் நுரையீரல்.

புன்னகை மாறவில்லை. ஆனால் அன்றிலிருந்து நுரையீரலுக்கு விடுமுறை நாள் மாறியது.

அதற்குப் பிறகு கீழ்த்தளத்தில் எலும்பும் கிட்னியும்தான். ஒருத்தி கேட்க, ஒருத்தி சொல்ல. தூக்கித் தூக்கி எலும்பின் தோள் ஒரு பக்கமாக இறங்கியது. கிட்னிக்கு விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. அவளுக்கு நின்றபடியே கண் சொருகும். ஒருநாள் தெர்மாமீட்டரை நோயாளிக்குக் கொடுக்காமல் தன் வாயில் வைத்துக்கொண்டு வார்டைச் சுற்றி வந்தாள். காய்ச்சல் இருந்தது என்பது வேறு விஷயம்.

எலும்புதான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வீட்டுல படிச்சியா?"

"மாமாவுக்கு வயிறு சரியில்ல. படுக்கை முழுக்க..."

"போ. துணி ரூமுக்குள்ள போய் ஒரு பக்கம் படிச்சிட்டு வா. ஒரே ஒரு பக்கம். நான் பாத்துக்கறேன்."

"யாராவது எழுந்திருக்கணும்னா?"

"கூப்பிட மாட்டேனா? போடீ."

துணி அறையில் வெளுத்த போர்வைகளின் வாசனை. கிட்னி அடுக்கின் மேல் சாய்ந்துகொண்டு பக்கத்தைப் பிரித்தாள். அன்று அவள் கையில் இருந்தது எலும்பின் பங்கு, வாராவாரம் மாற்றிக்கொள்வார்கள். எழுத்துகள் முதலில் எறும்புகளாக ஊர்ந்தன, பிறகு வரிசையில் நின்றன. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு பக்கம் அவளுக்கே அவளுக்காகக் கிடைத்திருந்தது. அப்போது வெளியிலிருந்து எலும்பின் குரல் கேட்டது.

"முறிஞ்ச இடத்துக்குக் கீழ முதல்ல எதைப் பாக்கணும்?"

அதே பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. கிட்னிக்குச் சிரிப்பு வந்தது. தனக்குத்தான் சோதனை வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"நாடி."

வெளியே லாரிக்காரரின் ஹாரனும் அதே நொடியில் சொன்னது. "நாடி!"

பிறகு அந்தச் சத்தம். மூட்டை விழுகிற சத்தமல்ல. மூட்டை விழுந்தால் யாராவது திட்டுவார்கள்; இதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

லாரிக்காரரின் மகள் அன்று பார்க்க வருவதாக இருந்தது. படுத்த கோலத்தில் மகளைப் பார்க்க மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறார். தோழிக்குக் கொடுத்த ஒரு பக்கத்தைத் திரும்பப் பிடுங்க மனமில்லாமல், எலும்பு தனியாகக் குனிந்திருக்கிறாள். பழக்கம் விடவில்லை, கேள்வியைக் கேட்டுவிட்டாள். அவர் பதில் சொல்லிவிட்டார். அவள் கால் வழுக்கியது. அவரைக் கீழே விடாமல் தான் கீழே போய், அத்தனை பெரிய உடம்பையும் தன்மேல் தாங்கிக்கொண்டாள். அவருக்கு ஒரு கீறல் இல்லை. இவளுக்கு முதுகெலும்பு.

எலும்பை வேறு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு பாதிதான் திரும்பும், மிச்சத்தை யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். லாரிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். யார் என்ன கேட்டாலும், "நான் பதில் சொன்னேன். அதனாலதான் அவ தூக்கினா" என்று மட்டும் சொன்னார். மேல்தளத்துக்குப் போகாமல் அடம்பிடித்திருக்க வேண்டும் என்று இதயக்கா தன்னை நொந்துகொண்டாள். தன் வாய்தான் முதலாளியைக் கோபப்படுத்தியது என்றாள் நுரையீரல். தரையைச் சரியாகத் துடைக்கவில்லையோ என்று துப்புரவுக்காரம்மா அழுதாள். அந்தக் கட்டடத்தில் எல்லாருமே தப்பு தன்னுடையது என்றார்கள், முதலாளியைத் தவிர. கிட்னி தன் தப்பை எலும்பிடம் சொல்வதற்காக வைத்திருந்தாள்.

புன்னகை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் அதற்கு முன் எந்தத் தொழிலாளியும் உட்கார்ந்ததில்லை. அது அவளைவிட அதிகமாகக் கூச்சப்பட்டது.

"விசாரிக்க ஆபீஸர் வர்றார்மா. மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு, அவதான் அவசரப்பட்டுட்டான்னு சொல்லிடு."

"மெஷின் ஓடவே இல்லையே சார்."

"நீ அப்ப எங்க இருந்தே?"

அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"துணி ரூம் வாசல்ல கேமரா இருக்கு. வேலை நேரத்துல உள்ள போய்ப் படிச்சிட்டு இருந்தே. இது வெளிய வந்தா உனக்கு யார் லைசென்ஸ் குடுப்பாங்க?" குரல் கனிந்தது. "பகலுக்கும் எனக்கு லைசென்ஸ் இருக்கிற நர்ஸ் ஒருத்தி வேணும். பரீட்சைக்கு உன்னை அனுப்பறேன். உன்னை மட்டும். மத்தவங்க போனா நோயாளிங்களை யார் பாக்கறது? நீயே சொல்லு."

அன்று சாயங்காலம் மாமாவைத் தூக்கும்போது அவள் கேள்வி கேட்கவில்லை. தையல்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு, "பொட்டாசியம்" என்றார். அவள் அழத் தொடங்கினாள். அவர் பயந்துவிட்டார். "சோடியமா?" என்றார்.

மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த எலும்பின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. கட்டிலைச் சன்னல் ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். எலும்பு இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி நேராகக் கிடந்தாள். கிட்னி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நான் உள்ளதான் இருந்தேன். நீ கேட்டது எனக்குக் கேட்டுச்சு. பதில் சொன்னேன்டீ. எழுந்து வராம பதில் சொன்னேன்."

"தெரியும். கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"சரியாத்தான் சொன்னே. இவ பாஸாயிடுவான்னு நெனச்சேன். நெனச்சுட்டே தூக்கினேன்."

"கூப்பிடறேன்னு சொன்னியே. ஏன் கூப்பிடல?"

எலும்பு கூரையைப் பார்த்தாள். "ஒரு பக்கம்தான் உனக்குக் குடுத்தேன். அதையும் திருப்பி வாங்கினா நான் என்னடீ மனுஷி?"

வெளியே யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம். பிறகு எலும்பு தலையணைக்கு அடியில் கைவிட்டு எதையோ தேடினாள்.

"என் பங்கைக் கொண்டு வந்தியா? மூணு வாரமா உன் சிறுநீரகத்தையே வெச்சுட்டு இருக்கேன். சோப்பு நாத்தம் தாங்கல."

"நீ எழுதப் போறியா?"

"கால்லயா எழுதச் சொல்றாங்க?"

கிட்னி அவளைப் பார்த்தாள். பிறகு முதலாளி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். எலும்பு கேட்டு முடித்துவிட்டு, போய் இதயக்காவிடமும் நுரையீரலிடமும் சொல் என்றாள்.

இதயக்கா கேட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நுரையீரல், வாழ்க்கையில் முதல்முறையாக, கேலி செய்யாமல் பேசினாள்.

"புத்தகத்தை நாலா வெட்டின மாதிரி நம்மளை வெட்டறார். நமக்கு அது தேவைப்பட்டுச்சு, வெட்டினோம். இது எதுக்கு?"

விசாரணை வார்டிலேயே நடந்தது. ஆபீஸருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மெஷினின் கொக்கியில் இருந்த ஈரத்துணி காணாமல் போய், மெஷின் புதிதாக எண்ணெய் பூசிப் பளபளவென்று நின்றது.

"நீங்கதானே கூட வேலை பாத்தது? என்னம்மா நடந்தது?"

கிட்னி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

"நான் துணி ரூம்ல படிச்சிட்டு இருந்தேன் சார். பரீட்சைக்கு. அது என் தப்பு. வீட்டுல எனக்கு நேரமில்ல, இங்கயும் இல்ல. முன்னாடி நாலு பேர் தூக்கினோம். இப்ப ரெண்டு பேர். நானும் இல்லாததால அவ தனியாத் தூக்கினா. இந்த மெஷின் ஓடாது."

"நல்லா ஓடும்" என்றார் புன்னகை.

மூலைக்கட்டிலிலிருந்து, வாரக்கணக்கில் ஒலிக்காத ஹாரன் ஒலித்தது. "அப்ப என்னை அதுல தூக்குங்க."

எல்லாரும் திரும்பினார்கள்.

"நான் தயார். தூக்குங்க முதலாளி. நீங்களே பட்டனை அமுக்குங்க."

புன்னகை பட்டனை அமுக்கினார். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். அமுக்கிய பட்டன் உள்ளேயே தங்கிவிட்டது. ஆபீஸர் எதையோ குறித்துக்கொண்டார், மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார், தேநீர் குடிக்காமல் போனார். மேலிடம் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாரும் கண்டதில்லை. ஆபீஸரின் கார் மறைந்த பிறகு முதலாளி திரும்பினார். அந்த முகத்தில் புன்னகை இல்லாததைப் பார்த்து, யாரோ புது ஆள் வந்திருக்கிறார் என்று துப்புரவுக்காரம்மா வணக்கம் சொல்லிவிட்டாள்.

"பரீட்சைக்கு ஒருத்தியும் போகக் கூடாது. போறவ திரும்பி வர வேண்டாம்."

"நாலு பேரும் போறோம் சார்" என்றாள் இதயக்கா.

"நாலா? ஒருத்தி படுத்துக் கிடக்கறா."

"அவளையும் சேர்த்துத்தான் எண்ணினேன்."

"அப்ப இவங்களை அன்னிக்கு யார் தூக்கறது? செத்தா யார் பொறுப்பு?"

அதுதான் அவர்களை ஒவ்வொரு வருடமும் நிறுத்திய கேள்வி. கிட்னி வரிசையாகக் கட்டில்களைப் பார்த்தாள். லாரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

துப்புரவுக்காரம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"ஏன், எனக்குக் கை இல்லையா? சொல்லிக் குடுங்க. சமையல்காரரு வருவாரு. துணி துவைக்கிறவங்க ரெண்டு பேரும் அன்னிக்கு லீவு, அவங்களை நான் கூட்டியாறேன். ஊசி மாத்திரைக்கு ராத்திரி டியூட்டி நர்ஸம்மா பகலும் இருக்கறேன்னுட்டாங்க. எல்லாம் பேசி வெச்சாச்சு."

பரீட்சை வரைக்கும் கீழ்த்தளத்தில் இன்னொரு பள்ளிக்கூடம் நடந்தது. சமையல்காரர் முதலில் நோயாளியை அண்டா தூக்குவது போலத் தூக்கினார். அந்தப் பிடியை மாற்ற வேண்டியிருந்தது. எந்த நோய்க்கும் "உப்பைக் குறை" என்று பதில் சொன்னார். அதில் பாதி சரியாகவும் இருந்தது. வீட்டில் தையல்காரர் நான்கு துண்டுகளையும் வாங்கி, கோணி ஊசியால் முதுகோடு சேர்த்துத் தைத்தார். அவர் கோணித் தையலுக்குக் கெட்டிக்காரர். புத்தகம் திறக்கவே மறுத்தது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தார்.

பரீட்சை நாள் விடிந்தது. மூன்று பேரும் வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, எலும்பை அழைத்துப் போகக் கிளம்பினார்கள். வாயில் காவலர் முதலாளியின் உத்தரவைக் கடமைக்குச் சொன்னார்: "வெளிய போனா திரும்ப உள்ள விட மாட்டேன்." சொல்லிவிட்டு, கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பரீட்சை மண்டபம் உயரத்தில் இருந்தது. அதைக் கட்டியவருக்கு நோயாளிகள் மேல் என்ன கோபமோ, வாசல் வரை படிகள்தான். தையல்காரர் தள்ளிவந்த சக்கர நாற்காலியிலிருந்து எலும்பு படிகளை அண்ணாந்து பார்த்தாள். பட்டைக்குள் அவள் முதுகு வலித்தது. முகத்தில் தெரிந்தது, சொல்லவில்லை. மற்ற இல்லங்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வந்திருந்த பெண்கள், ஆளுக்கொரு புத்தகத்தில் முகம் புதைத்துப் படியேறிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய கண்ணிலும் அதே தூக்கம் பாக்கியிருந்தது.

கிட்னி நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கம் இதயக்கா. பின்னால் நுரையீரலும் தையல்காரரும். தூக்கிப் பார்த்தார்கள். கனம் சமப்படவில்லை, நாற்காலி ஒருபுறமாகச் சாய்ந்தது. கிட்னியின் விரல்கள் நழுவின. அந்தச் சத்தம் மறுபடி காதில் விழுந்த மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டாள்.

"என்னால முடியாது. மறுபடி கீழ போட்டுடுவேன்."

"நீ எங்கடீ போட்டே?" என்றாள் எலும்பு. "புடி. நான் கேக்கறேன்."

அவள் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டு மூச்சை இழுத்தாள். அந்தத் தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"முறிஞ்ச இடத்துக்குக் கீழ முதல்ல எதைப் பாக்கணும்?"

படிகளில் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். திரும்பினார்கள். ஒருத்தி புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. முன்பின் பார்த்திராத கைகள் நாற்காலியின் சட்டத்தை, சக்கரத்தை, கால்பலகையைத் தேடிப் பிடித்தன. கிட்னியின் விரல்களுக்குப் பக்கத்தில், மருந்து பட்டு வெடித்த வேறு விரல்கள் வந்து அமர்ந்தன.

எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது.

"நாடி!"

நாற்காலி முதல் படியில் ஏறி நின்றது. மேலே இன்னும் நிறையப் படிகள் இருந்தன. எலும்பு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.